ஆல்ப்ஸ் மலையூர்களில் நிதானமாக ஒரு ரயில் பயணம்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில், பெட்டியின் வெளிக்கூட்டைக் கட்டும் ஷெல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வருகிற ஆகஸ்ட் இறுதியில் புறப்பட்டு, நானும் மனைவியும் நான்கு வாரம் சுவிட்சர்லாந்து மலையூர்களை ரயிலிலேயே சுற்றிப் பார்க்க விரும்புகிறோம். பயண முகவர் ஒருவர் தந்த திட்டத்தில் பன்னிரண்டு நாளில் ஏழு நாடுகள் இருக்கின்றன. அந்த ஓட்டம் எங்களுக்கு வேண்டாம். எந்த ஊர்களில் எத்தனை நாள் தங்கினால் நிதானமாக இருக்கும்?
(ஒரு வாசகர், பெரம்பூர்)

பதில்: ஐயா, நான்கு வாரத்துக்கு நான்கு ஊர்கள் போதும். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் ஐந்தாவது ஊரைச் சேர்க்காதீர்கள். ஊர் மாறும் நாள் ஒவ்வொன்றும் பெட்டி கட்டுவதிலும், காலையில் ஒரு அறையைக் காலி செய்துவிட்டு மாலையில் இன்னொரு அறையின் சாவிக்குக் காத்திருப்பதிலும் கரைந்துவிடும். ஒரே ஊரில் ஆறேழு இரவு தங்கினால், மேகம் மூடிய நாளில் கீழே இருந்துவிட்டு, வானம் தெளிந்த நாளில் மேலே போகலாம். மலையில் வானிலை நாளுக்கு நாள் மாறும் என்பதால், எந்த நாளில் எங்கே போவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாமல் விட்டுவைப்பதுதான் இத்தகைய பயணத்தின் பெரிய வசதி.

முதல் வாரத்துக்குக் கூர் நகரைப் பரிந்துரைக்கிறேன். சூரிச்சிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். உயரம் 600 மீட்டருக்கும் குறைவு. நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் உடம்பு பழகுவதற்கு ஏற்ற இடம். அங்கிருந்து மீட்டர் கேஜ் பாதைகள் பல திசைகளில் பிரிகின்றன. அரோசா செல்லும் ரயில் நிலையத்துக்கு முன்னால் உள்ள தெருவிலிருந்தே புறப்படுகிறது. கடைகளையும் கார்களையும் ஒட்டி நம் மாநகரப் பேருந்தைப் போலத் தெருவிலேயே சிறிது தூரம் ஊர்ந்து, பிறகு ஒரு பள்ளத்தாக்குக்குள் நுழைந்து, ஒரு மணி நேரத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. வழியில் லாங்வீஸ் என்னுமிடத்தில் 1914-இல் முடிந்த கான்கிரீட் பாலம் 62 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. இன்னொரு நாள் அல்புலா பாதையில் செல்லுங்கள். கூரிலிருந்து போகும்போது வலப்புற ஜன்னலோரம் உட்கார்ந்தால், 65 மீட்டர் உயர லாண்ட்வாசர் பாலம் வளைந்து செங்குத்துப் பாறைக்குள் நேராகப் புகுவதைப் பார்க்கலாம்.

அல்புலா பாதையில் ஒரு நாளை முழுவதுமாக ஒதுக்க வேண்டும். பெர்கூன் ஊர் 1,373 மீட்டரிலும் அடுத்த நிலையமான பிரேடா 1,789 மீட்டரிலும் இருக்கின்றன. பள்ளத்தாக்கு வழியே ஆறரைக் கிலோமீட்டர்தான் தூரம் என்றாலும், சரிவைக் குறைப்பதற்காகத் தண்டவாளம் மலைக்குள் சுருள் சுருளாகச் சுற்றி ஏறத்தாழ இரு மடங்கு நீளம் ஓடுகிறது. பிரேடா வரை ரயிலில் ஏறிப் போய், அங்கிருந்து பெர்கூனுக்கு நடந்து இறங்குங்கள். சற்றுமுன் இடப்புறம் மேலே போன அதே ரயில் சில நிமிடத்தில் வலப்புறம் கீழே, எதிர்த்திசையில் வெளிப்படுவதைப் பாதையோரம் நின்று பார்க்கலாம். பெர்கூன் நிலையத்தருகே அல்புலா ரயில் அருங்காட்சியகமும் உண்டு. ரயில் பெட்டி கட்டிய கைகளுக்கு அது பிடிக்காமல் போகாது.

இரண்டாம் வாரம் பொன்ட்ரெசினா. உயரமான ஊர் என்பதால் செப்டம்பர் தொடக்கத்திலேயே அங்கே போய்விடுவது நல்லது. மாதக் கடைசியில் பனி விழவும் கூடும். பெர்னினா பாதை அந்த ஊர் வழியாகவே செல்கிறது. 1910-இல் முழுமை பெற்ற இந்தப் பாதை 2,253 மீட்டர் வரை ஏறி, 429 மீட்டரில் உள்ள இத்தாலிய எல்லை நகரமான தீரானோவில் முடிகிறது. நம் மேட்டுப்பாளையம் உதகை ரயில், ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வகுத்த பல்சக்கர முறையில், 12-க்கு 1 என்ற ஏற்றத்தில் ஏறுகிறது. பெர்னினா ரயிலோ ஏறத்தாழ 14-க்கு 1 என்ற ஏற்றத்தைப் பல்சக்கரமே இல்லாமல், சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான பிடிமானத்தை மட்டும் நம்பி ஏறி இறங்குகிறது. உச்சியில் அடுத்தடுத்து இரண்டு ஏரிகள் வருகின்றன. சிறியதன் நீர் இன் ஆற்றில் சேர்ந்து டான்யூப் வழியாகக் கருங்கடலுக்கும், பெரியதன் நீர் போ ஆற்றின் வழியாக ஏட்ரியாட்டிக் கடலுக்கும் போகின்றன. ஆல்ப் க்ரூம் நிலையத்தில் இறங்கி, ஒரு மணி நேரம் இருந்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடியுங்கள்.

மூன்றாம் வாரத்துக்கு, தீரானோவில் ரயில் மாறி, கோமோ ஏரிக்கரை வழியாக மிலான் சென்று, அங்கிருந்து பெலின்சோனா வழியாக லோகார்னோவை அடையலாம். ஒரு முழுப் பகல் ஆகும். ஆனால் வழியில் ஒரு பகுதி ஏரியைப் பார்த்துக்கொண்டே போகலாம். லோகார்னோ பனைவகை மரங்கள் வளரும் வெதுவெதுப்பான ஊர். இரண்டு வார மலைக்குளிருக்குப் பிறகு உங்கள் மனைவி மகிழ்ச்சியடைவார் என்று நினைக்கிறேன். அங்கே செய்வதற்கு அதிகம் இல்லை. ஓய்வுக்கான வாரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, தூன் ஏரிக்கரையில் உள்ள ஸ்பீஸ். அங்கே போகும் நாளே ஒரு நல்ல பயணம்: லோகார்னோவிலிருந்து சென்டோவாலி மலைரயிலில் இரண்டு மணி நேரம், டோமோடோசோலாவில் மாறி சிம்ப்ளான் சுரங்கம் வழியாகப் பிரிக், அங்கிருந்து 1913-இல் திறந்த பழைய லோட்ச்பெர்க் மலைப்பாதை. பிரிக்கிலிருந்து ஏறும்போது இடப்புறம் உட்கார்ந்தால் ரோன் பள்ளத்தாக்கு ஆழத்தில் விரியும். ஸ்பீஸிலிருந்து பெர்ன் அரை மணி நேரம்; இன்டர்லாகனும் லாட்டர்புருன்னனும் அதைப்போலவே அருகில்தான்; ஏரியில் படகும் உண்டு.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். 1955-இல் பெரம்பூர் தொழிற்சாலை தொடங்கியபோது ரயில் பெட்டியின் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் வந்தது சூரிச்சை அடுத்த ஷ்லீரன் நகரத்து நிறுவனத்திடமிருந்து என்பது நீங்கள் அறியாததல்ல. அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை. ஆனால் ஷ்லீரன் நிலையத்துக்குச் சூரிச்சிலிருந்து புறநகர் ரயிலில் சில நிமிடம்தான். ஊர் திரும்பும் முன் ஒரு முற்பகலை அதற்கு ஒதுக்குவது உங்களைப் போன்றவருக்குத் தகும்.

கேள்வி: மொத்தமாக ஒரு பாஸ் வாங்குவது லாபமா, அவ்வப்போது டிக்கெட் வாங்குவது லாபமா?
(ஒரு வாசகி, ராயபுரம்)

பதில்: அம்மா, எல்லோரும் பரிந்துரைக்கும் சுவிஸ் டிராவல் பாஸ் தொடர்ச்சியாக 3, 4, 6, 8 அல்லது 15 நாட்களுக்குத்தான் கிடைக்கும். தினமும் நீண்ட தூரம் போகிறவருக்கு அது நல்லது. நிதானமாகப் போகிறவருக்கு அது மறைமுகமாக ஒரு நெருக்கடியைத் தருகிறது. காசு கொடுத்த நாள் வீணாகக்கூடாதே என்று, உட்கார்ந்து ரசிக்க வேண்டிய நாளிலும் ரயிலேறத் தோன்றும். வெளிநாட்டவருக்கான அரைக்கட்டண அட்டை ஒரு மாதம் செல்லும். அதைக் காட்டினால் ரயில், படகு, பேருந்து, பெரும்பாலான மலை ரயில்கள், கம்பி வண்டிகள் ஆகியவற்றில் பாதிக் கட்டணம்தான். நான்கு வாரப் பயணத்துக்கு என் தேர்வு இந்த அட்டையே.

இதோடு, தங்கும் விடுதியில் விருந்தினர் அட்டை உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். பல ஊர்களில் அதைக் காட்டினால் உள்ளூர்ப் பேருந்து இலவசம். லோகார்னோ அமைந்துள்ள டிச்சினோ மாநிலத்தில், விடுதியில் தங்குவோருக்குக் கிடைக்கும் டிச்சினோ டிக்கெட்டை வைத்து, தங்கும் நாள் முழுவதும் மாநிலப் பொதுப் போக்குவரத்தில் கட்டணமின்றிச் செல்லலாம்.

குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும் மலிவு டிக்கெட்டுகளைத் தவிர்ப்பதே நல்லது. சாதாரண டிக்கெட் இருந்தால், ஒரு ரயிலை விட்டாலும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம்.

கேள்வி: கண்ணாடிக் கூரை வைத்த கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் ரயில்களில் போகாவிட்டால் பயணம் முழுமை பெறாது என்கிறார்கள். உண்மையா?
(ஒரு வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: உண்மையல்ல என்று உறுதியாகச் சொல்வேன். அந்த ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனிக் கட்டணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். அதே தண்டவாளத்தில், அதே பாலங்கள் மீது, முன்பதிவு தேவைப்படாத சாதாரண ரயில்கள் நாள் முழுவதும் ஓடுகின்றன. அவற்றில் பிடித்த நிலையத்தில் இறங்கலாம். சில பெட்டிகளில் ஜன்னலைத் திறந்து காற்று வாங்கலாம், கண்ணாடிப் பிரதிபலிப்பு இல்லாமல் படம் எடுக்கலாம். செர்மாட்டிலிருந்து சென்மோரிட்ஸ் வரை எட்டு மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார்வதைவிட, அந்த வழியை மூன்று நாளாகப் பிரித்துப் போவது மேல்.

இங்கே கவனமாக இருக்க வேண்டிய விஷயம் வேறு. ரயில் நேரம் காட்டும், சுவிஸ் ரயில்வேயின் எஸ்.பி.பி. செயலி முதலில் விரைவான வழிகளையே முன்வைக்கும். விரைவான வழி என்பது பெரும்பாலும் சுரங்க வழி. 2016-இல் திறந்த கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கம் 57 கிலோமீட்டர். 2007-இல் திறந்த லோட்ச்பெர்க் சுரங்கம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அவற்றில் போனால் ஆல்ப்ஸின் மிக அழகான பகுதியை இருட்டிலேயே கடந்துவிடுவீர்கள். செயலியில் "வழி" என்று கேட்கும் கட்டத்தில் கோட்ஹார்டுக்குக் கோஷெனன் என்றும் லோட்ச்பெர்க்குக்குக் காண்டர்ஸ்டெக் என்றும் இட்டால் பழைய மலைப்பாதை ரயில்கள் வரும். 1882-இல் திறந்த கோட்ஹார்ட் பாதையில் வாஸன் என்ற சிற்றூரின் தேவாலயம் மூன்று வெவ்வேறு உயரங்களிலிருந்து மூன்று முறை தென்படும். முதலில் தலைக்கு மேலே, பிறகு சம மட்டத்தில், கடைசியில் காலுக்குக் கீழே. ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதலாகும்; அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தானே போகிறோம்.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலியும் இரத்த அழுத்தமும் உண்டு. உயரமான ஊர்களுக்கு அழைத்துப் போகலாமா? பெட்டிகளை எப்படித் தூக்குவது?
(ஒரு வாசகி, திருவொற்றியூர்)

பதில்: உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பொன்ட்ரெசினா ஏறத்தாழ 1,800 மீட்டர்தான். உதகையில் சில நாள் சிரமமின்றித் தங்கியவருக்கு இந்த உயரம் புதிதல்ல. யோசிக்க வேண்டியது யுங்ஃப்ராவ்யோக் போன்ற இடங்களைப் பற்றி. 3,454 மீட்டருக்கு ரயிலிலேயே ஏறிவிட முடிவதால், உடம்பு பழக அவகாசமே இருக்காது. இதயக் கோளாறோ கட்டுக்குள் அடங்காத அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அங்கே போக வேண்டாம். நான்கு வாரத்துக்கான மாத்திரைகளுடன், மருந்தின் மூலப்பெயர் எழுதிய சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

நடைப்பயிற்சியை மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். வடசென்னையில் ஏறிப் பழக மலை இல்லாவிட்டாலும், ரயில் நிலையங்களின் நடைமேம்பாலப் படிகள் இருக்கின்றன. முழங்காலுக்குக் கடினம் ஏற்றமல்ல, இறக்கமே. ஆகவே மலையில் நடந்து ஏறி, கம்பி வண்டியில் இறங்குவதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள மஞ்சள் நிற வழிகாட்டிப் பலகைகளில் பெரும்பாலும் தூரம் இருக்காது, நேரம்தான் இருக்கும். அதில் ஒரு மணி என்றிருந்தால் அம்மாவுக்கு ஒன்றரை மணி என்று கணக்கிடுங்கள்.

ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டிதான். ஐந்தாறு நிமிடத்தில் மாறு ரயில் பிடிக்க வேண்டியிருந்தால், ஒரு தேநீர் குடித்துவிட்டு அதற்கடுத்ததில் ஏறுங்கள். கட்டணம் செலுத்தினால் ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்குப் பெட்டியைத் தனியே அனுப்பிவைக்கும் சேவையும் உண்டு.

கேள்வி: நாங்கள் சைவம். நான்கு வாரமும் ரொட்டியும் சீஸும்தானா?
(ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: சமையலறையுடன் கூடிய வாடகைக் குடியிருப்பில் தங்கினால் இந்தக் கவலை தீரும். ஒரே ஊரில் ஒரு வாரம் தங்குவதால் வாங்கிய அரிசியும் பருப்பும் மிச்சமாகாது. மிக்ரோஸ், கோப் கடைகளில் பாஸ்மதி அரிசி, பருப்பு, தயிர், காய்கறி கிடைக்கும். பெர்ன், சூரிச் நகரங்களில் ஈழத் தமிழர் நடத்தும் கடைகளில் கறிவேப்பிலை முதல் இட்லி மாவுக்கான உளுந்து வரை வாங்கலாம். பெர்னில் ஐரோப்பா சதுக்கத்தருகே உள்ள சமயங்களின் இல்லத்தில் சைவக் கோயிலும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள், தவறினால் பெரிய ரயில் நிலையக் கடைகளை நாடலாம். ஊரிலிருந்து பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் எடுத்துச் செல்லுங்கள். நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களுக்கும் இறைச்சிக்கும் அனுமதி இல்லை. உணவகத்தில் உருளைக்கிழங்கு ரோஸ்டி கேட்கும்போது பன்றி இறைச்சித் துண்டுகள் சேர்த்ததா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?
(ஒரு வாசகர், வியாசர்பாடி)

பதில்: சுவிட்சர்லாந்தும் இத்தாலியும் ஷெங்கன் நாடுகள், ஒரே விசா போதும். அதிக இரவுகள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். புறப்படும் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையாமல் விண்ணப்பித்தாக வேண்டும்; கோடையில் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பது கடினம் என்பதால் மூன்று மாதம் முன்பே முடித்துவிடுவது நல்லது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும், திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் வேண்டும். இரவு வாரியாகத் தங்குமிட முன்பதிவைக் காட்ட வேண்டியிருப்பதால், கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறைகளையே விசா கைக்கு வரும் வரை பதிவு செய்யுங்கள்.