டிரைவ் தானாக இறங்குகிறது: பம்ப் வாங்குவதா, ஹோஸ் வாங்குவதா?

கேள்வி: எங்கள் படகில் ஸ்டெர்ன்டிரைவ் (எஞ்சின் படகுக்குள், புரொபெல்லர் உள்ள டிரைவ் பின்புறம் வெளியே). டிரைவை முழுசாகத் தூக்கி வைத்துவிட்டுப் போனால், மறுநாள் காலையில் பாதி இறங்கிக் கிடக்கிறது. டிரைவைத் தூக்கி இறக்கும் டிரிம் பம்ப், சிலிண்டர், எண்ணெய் போகும் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். ஹோஸ் ரப்பரைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. செலவைக் குறைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. எதையும் வாங்கும் முன் எண்ணெய் எங்கே போகிறது என்று பாருங்கள்.

டிரைவை முழுக்க இறக்கிவிட்டு, பம்பின் எண்ணெய்த் தொட்டியில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். தூக்கிய நிலையில் பார்க்கக் கூடாது. கொஞ்சம் எண்ணெய் சிலிண்டருக்குள் போயிருப்பதால் அளவு குறைவாகத் தெரியும். அப்புறம் தூக்கி வைத்து, ஓர் இரவு விட்டு, மறுபடி முழுக்க இறக்கிப் பாருங்கள். எண்ணெய் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் வெளியே ஒழுகுகிறது. கோட்டிலேயே நின்றால் பம்பின் வால்வோ சிலிண்டரின் உள் சீலோ விட்டுக்கொடுக்கிறது. அப்படியானால் புது ஹோஸ் வாங்கி ஒரு பயனும் இல்லை.

ஒழுகல்தான் என்றால், ரப்பரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெரும்பாலும் முதலில் போவது ஹோஸின் உலோக முனை. ரப்பரும் இரும்பும் சேரும் அந்த நெளித்த வளையத்தில் பெயின்ட் கொப்பளித்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாகச் சுரண்டினால் பழுப்புச் செதில் உதிரும். உதிர்ந்தால் அந்த ஹோஸுக்கு ஆயுள் முடிந்தது, இன்னும் ஒழுகாவிட்டாலும். ஆனால் அழுத்தம் ஏறியிருக்கும்போது கசிவைக் கையால் தடவித் தேட வேண்டாம். ஊசித் துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலுக்குள் இறங்கிவிடும். ஓர் அட்டைத் துண்டை அருகில் காட்டினால் போதும்.

சிலிண்டருக்குப் போகும் சின்ன ஹோஸ்கள் மொத்தம் நான்கு: பக்கத்துக்கு இரண்டு, ஒன்று தூக்க, ஒன்று இறக்க. ஒன்று துருப்பிடித்தால் மற்ற மூன்றும் அதே வயது, அதே தண்ணீர். இந்த ஒரு விஷயத்தில் மெக்கானிக் பக்கம்தான் நான்: நான்கையும் மாற்றுங்கள். உப்புத் தண்ணீரில் ஓடும் படகு என்றால் ஸ்டெயின்லெஸ் முனை உள்ளதை வாங்குங்கள். கூடுதல் விலைக்குத் தகும். டிரைவ் அலுமினியம் என்பதால் அதற்குப் பதிலாகத் தாங்கள் அரிபடும் ஆனோடு என்ற உலோகத் துண்டுகளும் தேய்ந்து தீர்ந்துபோகாமல் இருக்க வேண்டும். நீளம் பழையதற்குச் சரியாக இருக்கட்டும். குட்டையான ஹோஸ், திருப்பும்போது இழுபடும்.

கழற்றும் நாள்தான் உண்மையான ஆபத்து. துருப்பிடித்த நட்டைச் சாதாரண ஸ்பேனரால் திருகினால் அதன் மூலை மழுங்கும். ஹோஸ் சேரும் பிளாக்கின் மரை போனால் ஹோஸை விட அதுதான் பெரிய செலவு. முந்தின நாளே துரு நெகிழ்க்கும் எண்ணெய் விட்டு, நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனரால் திறக்கச் சொல்லுங்கள். டிரைவ் முழுக்க இறங்கியிருக்க வேண்டும், அல்லது கட்டையால் முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். எண்ணெய் போனால் அந்த எடை அப்படியே விழும். புது நட்டை முதலில் விரலாலேயே திருகி ஏற்றுவது நல்லது.

கேள்வி: மாற்றிய பின் எந்த எண்ணெய் ஊற்றுவது? பழையது பால் போல வெளுத்திருக்கிறது.

பதில்: வெளுத்தது என்றால் தண்ணீர் கலந்துவிட்டது. மேலே ஊற்றி நிரப்பாமல், மொத்தமாக வடித்துவிடுங்கள். எண்ணெய் வகை மாடலுக்கு மாடல் மாறும். மெர்குரூசர் என்ற ஸ்டெர்ன்டிரைவ் பிராண்டின் பல மாடல்களுக்கு எஞ்சின் ஆயிலே ஒத்துக்கொள்ளும். மற்றவற்றுக்குக் கையேடு சொல்வதை மட்டும் ஊற்றுங்கள். பிரேக் ஆயில் கூடவே கூடாது, சீல்கள் ஊதிவிடும். நிரப்பியதும் டிரைவை ஐந்தாறு முறை முழுக்க ஏற்றி இறக்குங்கள். ஒவ்வொரு முறை இறங்கியதும் அளவு பார்த்து ஊற்றுங்கள், காற்று தானாக வெளியேறிவிடும். பம்பின் மோட்டார் சூடானால் நடுவில் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள்.