வால்சந்தின் விமானத் தொழிற்சாலை

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது பெங்களூரில் விமானத் தொழிற்சாலை தொடங்கிய வால்சந்த் ஹிராசந்த், அரசு ஒப்பந்தங்களால் பெரும் பணம் சேர்த்தார் என்று என் நண்பர் சாதிக்கிறார். தொழிற்சாலை இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் கையை விட்டுப் போனதாக நான் படித்திருக்கிறேன். எது சரி?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள் படித்ததுதான் சரி. மைசூர் சமஸ்தானத்தின் முதலீட்டோடும், திவான் மிர்சா இஸ்மாயிலின் ஆதரவோடும், வில்லியம் பாலி என்ற அமெரிக்கரின் துணையோடும் வால்சந்த் 1940 டிசம்பரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். 1941இல் பிரிட்டிஷ் இந்திய அரசும் அதில் பங்குதாரராகச் சேர்ந்தது. சிக்கல் அங்கேதான் இருந்தது. ஹார்லோ பயிற்சி விமானத்தையும் கர்டிஸ் ஹாக் போர் விமானத்தையும் அரசைத் தவிர வேறு யாரிடமும் விற்க முடியாது. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு ஈரப்பதம் பார்க்கும்வரை காத்திருக்கும் நம் டெல்டா விவசாயிக்குக்கூட, விலையைக் குறைத்தாவது வாங்கிக்கொள்ள ஒரு தனியார் வியாபாரி வருவார்; வால்சந்துக்கு அந்த வழியும் இல்லை. 1942 மார்ச்சில் பர்மாவின் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது; போர் இந்தியாவை நெருங்கியது. அடுத்த மாதமே வால்சந்தின் பங்குகளை அரசு வாங்கிக்கொண்டது. மைசூர் சமஸ்தானம் தன் பங்கை விற்க மறுத்து, நிர்வாகத்தை மட்டும் விட்டுக்கொடுத்தது. 1943இல் அந்த ஆலை அமெரிக்க விமானப் படையின் பழுதுபார்க்கும் தளமாயிற்று. பங்குகளுக்கு விலை கொடுக்கப்பட்டதால் இதைப் பறிமுதல் என்பது மிகை. ஆனால், போர்க்கால லாபம் என்று உங்கள் நண்பர் சொல்வது அதைவிடப் பெரிய மிகை.

கேள்வி: கப்பல் கட்டுவதிலாவது போர் அவருக்குக் கைகொடுத்ததா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: இல்லை. அவருடைய சிந்தியா கப்பல் நிறுவனத்தின் விசாகப்பட்டினக் கப்பல் தளத்துக்கு 1941 ஜூன் 21 அன்று ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். 1942 ஏப்ரல் 6 அன்று ஜப்பானிய விமானங்கள் அந்நகரின்மீது குண்டு வீசின. அங்கே கட்டிய முதல் கப்பலான ‘ஜல உஷா’வை நேரு நீரில் இறக்கியது 1948இல்தான். அதே போரில் அமெரிக்காவின் ஹென்றி கைசர், அணைகள் கட்டிய அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு கப்பல் தொழிலில் இறங்கியவர், ஆன செலவை அரசே ஏற்று அதற்குமேல் கட்டணமும் தரும் ஒப்பந்தங்களைப் பெற்றார். 1942 நவம்பரில் அவரது தளத்தில் ‘லிபர்ட்டி’ வகைப் போர்க்காலச் சரக்குக் கப்பல் ஒன்று, கட்டத் தொடங்கிய ஐந்து நாளுக்குள் நீரில் இறங்கியது. கைசரின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், அவருக்குப் பின்னால் நின்றது அவர் நாட்டின் அரசு. வால்சந்த் எதிர்கொண்டதோ, இந்தியக் கப்பல் தொழில் வளர்வதில் அக்கறையில்லாத ஓர் அந்நிய ஆட்சி. விடுதலைக்குப் பின்னும் தளம் அவர் தரப்பிடம் நிலைக்கவில்லை: 1952இல் அதன் மூன்றில் இரு பங்கு இந்திய அரசுக்குச் சென்றது; அடுத்த ஆண்டு வால்சந்த் காலமானார்.