ராணுவ டிப்ளாய்மென்ட் முடிச்சு வந்தா "உங்க சீட்டுல ஆள் போட்டாச்சு"ங்கறாங்க, என்ன பண்றது?

கேள்வி: சார், நான் நியூ ஜெர்சி எடிசன்ல இருக்கேன், வயசு 27, அப்பா அம்மா மூலமா வந்த க்ரீன் கார்டு. மூணு வருஷமா நியூ ஜெர்சி ஆர்மி நேஷனல் கார்டுல (பகுதி நேர ராணுவப் படை) இருக்கேன், பொழப்புக்கு ஒரு ஐடி கன்சல்டிங் கம்பெனில சீனியர் டெவலப்பர். முன்ன ஒரு தடவ வெள்ளத்துக்கு கவர்னர் கூப்பிட்டு 9 நாள் போனேன், அதை கம்பெனி என் லீவுலேருந்து கழிச்சுட்டாங்க. அப்புறம் ஃபெடரல் ஆர்டர்ல 10 மாசம் வெளிநாடு, போறதுக்கு முன்னாடியே ஆர்டர் காப்பி குடுத்துட்டுதான் போனேன். திரும்பி வந்து மூணாவது வாரமே ஹெச்ஆருக்கு மெயில் போட்டேன். "உங்க இடத்துக்கு வேற ஆள் எடுத்தாச்சு, சப்போர்ட் டீம்ல ஒரு வேலை இருக்கு, சம்பளம் கம்மி, வேணாம்னா செவரன்ஸ் பேப்பர்ல (பணத்த வாங்கிட்டு வேலைய விடற ஒப்பந்தம்) 10 நாள்ல கையெழுத்து போடுங்க"ன்னு பதில் வந்துச்சு. அப்பா "கம்பெனிகாரனோட வம்பு வேணாம்டா, க்ரீன் கார்டு வேற இருக்கு, குடுக்கறத வாங்கிக்கோ"ங்கறார். மாநில வெட்டரன்ஸ் (முன்னாள் ராணுவத்தினர்) ஆபீஸ் ஏதாவது செய்வாங்களா? நான் வெட்டரன் கணக்குல வருவேனா? சிட்டிசன்ஷிப்புக்கு இது உதவுமா?

பதில்: தம்பி, முதல்ல அந்த செவரன்ஸ் பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க. வேற எதுவும் செய்யலன்னாலும் பரவால்ல, அது மட்டும் வேணாம். உங்களுக்கு சட்டப்படி இருக்கற உரிமைய கம்பெனி காண்ட்ராக்ட்ல குறைக்க முடியாதுன்னு ஃபெடரல் சட்டமே சொல்லுது, ஆனா பணத்த வாங்கிக்கிட்டு தெரிஞ்சே எல்லா க்ளெய்மையும் விட்டுக்குடுத்தேன்னு எழுதிக் குடுத்தவங்க கேஸ கோர்ட் தள்ளுபடி பண்ணினதும் உண்டு. கையெழுத்து போட்டுட்டு அப்புறம் வக்கீல தேடிட்டு வர்றவங்கள பாக்கறப்ப எனக்கு மனசு கேக்காது, அதான் மொதல்லயே சொல்றேன்.

அடுத்தது உங்க ஆர்டர் பேப்பர எடுத்து மேசைல வைங்க. ரெண்டு ஆர்டர் இருக்கும், வெள்ளத்துக்கு ஒண்ணு, வெளிநாட்டுக்கு ஒண்ணு. அதுல எந்த சட்டத்தின் கீழ கூப்பிட்டாங்கன்னு அத்தாரிட்டின்னு ஒரு வரி இருக்கும். வெளிநாட்டு ஆர்டர்ல பெரும்பாலும் "டைட்டில் 10, செக்‌ஷன் 12302"ன்னோ "12301 டி"ன்னோ இருக்கும், டைட்டில்னா ஃபெடரல் சட்டத் தொகுப்போட ஒரு பாகம். இந்த ஒத்த வரியிலதான் உங்க கேஸ் மொத்தமும் நிக்குது, நேஷனல் கார்டு ஆளுங்க பாதிப் பேர் இத படிக்கறதே இல்ல.

ஏன் இவ்வளவு முக்கியம்னா, கார்டு சோல்ஜர் ஒரே யூனிஃபார்ம்ல மூணு விதமா வேலை பாக்கறார். கவர்னர் கூப்பிட்டு மாநிலமே சம்பளம் குடுத்தா அது ஸ்டேட் ஆக்டிவ் டூட்டி. கவர்னர் கீழயே இருக்கீங்க ஆனா காசு வாஷிங்டன் குடுக்குதுன்னா டைட்டில் 32. ஜனாதிபதி கீழ போயிட்டீங்கன்னா டைட்டில் 10. 2012-ல சாண்டி புயலப்ப ஹோபோக்கன் தெருவுல தண்ணிக்குள்ள ட்ரக்க ஓட்டிட்டுப் போய் ஜனங்கள வெளிய கொண்டு வந்தது இந்த கார்டு ஆளுங்கதான், கோவிட் டெஸ்டிங் சென்டர்ல நின்னதும் இவங்கதான். அட்லாண்டிக் சிட்டில இருக்கற 177-வது ஃபைட்டர் விங் இன்னும் ஒரு படி மேல, அங்க எஃப்-16 விமானத்தோட அலர்ட்ல காத்திருக்கற பைலட், வானத்துல ஏதோ சந்தேகம்னு மேல கிளம்பறப்ப டைட்டில் 32-லேருந்து டைட்டில் 10-க்கு மாறிடறார். சொந்த நாட்டு பாதுகாப்பு வேலை பெரும்பாலும் இப்படி மாநிலமும் மத்தியும் கலந்துதான் நடக்குது. நியூ ஜெர்சில கார்டையும் வெட்டரன்ஸ் சேவையையும் ஒரே டிபார்ட்மென்ட் பாக்குது, மிலிட்டரி அண்ட் வெட்டரன்ஸ் அஃபேர்ஸ், சுருக்கமா டிஎம்ஏவிஏ, தலைமை ஆபீஸ் லாரன்ஸ்வில்ல, தலைவர் அட்ஜுடன்ட் ஜெனரல்.

இப்ப உங்க 10 மாசத்துக்கு வருவோம். இதுக்கு யூஸெர்ரான்னு 1994-ல வந்த ஃபெடரல் சட்டம் இருக்கு. முன்கூட்டி தகவல் சொல்லிட்டுப் போனீங்களா, இதே கம்பெனில இருந்துட்டு மொத்தமா 5 வருஷத்துக்கு மேல சர்வீஸ் போகாம இருக்கா, நல்லபடியா ரிலீஸ் ஆனீங்களா, டைமுக்கு திரும்பி வேலை கேட்டீங்களா, இவ்வளவுதான் கேள்வி. 180 நாளுக்கு மேல சர்வீஸ்னா திரும்பி வேலை கேக்க 90 நாள் டைம், நீங்க மூணாவது வாரமே கேட்டாச்சு. அதுக்குன்னு தனி ஃபார்ம் கூட கிடையாது, உங்க மெயிலே போதும். அந்த 5 வருஷ கணக்குல மாசாந்திர ட்ரில் (பயிற்சி) சேராது, 12302-ல போனதும் சேராது. ஆக நாலும் உங்ககிட்ட இருக்கு.

அப்புறம் என்ன வேலை தரணுங்கறது. நீங்க போகாம இங்கயே இருந்திருந்தா இன்னைக்கு எந்த இடத்துல இருந்திருப்பீங்களோ அந்த இடம், இல்லன்னா அதே சீனியாரிட்டி, அதே அந்தஸ்து, அதே சம்பளம் உள்ள இன்னொரு இடம். எஸ்கலேட்டர் கொள்கைன்னு வக்கீல்கள் சொல்றது இதைத்தான். இந்த 10 மாசத்துல உங்க டீம்ல எல்லாருக்கும் இன்க்ரிமென்ட் குடுத்திருந்தா உங்களுக்கும் அது சேரணும். சப்போர்ட் டீம்ல சம்பளத்த குறைச்சு உக்கார வைக்கறது சட்டத்துல எங்கயும் இல்ல.

"ஆள் எடுத்தாச்சு"ங்கறது சாக்கே இல்ல தம்பி. அந்த புது ஆள வேலைய விட்டு நிறுத்த வேண்டி வந்தாலும் சரி, பழைய ஆளுக்கு இடம் குடுக்கணும்னு லேபர் டிபார்ட்மென்ட் விதியிலயே தெளிவா எழுதியிருக்கு. அந்த புது ஆளும் பாவம்தான், அவருக்கு வேற இடம் பாத்துக் குடுக்க வேண்டியது கம்பெனி தலைவலி, அதுக்கு நீங்க பலியாக வேணாம். கம்பெனி சின்னதுங்கறதும் செல்லாது, ஒரே ஒரு ஆள் வேலை பாக்கற கடைக்கும் இந்த சட்டம் உண்டு. அவங்க தப்பிக்க ஒரு வழி இருக்கு, அதை மறைக்காம சொல்லிடறேன்: நீங்க இருந்திருந்தாலும் அந்த ப்ராஜெக்டே மூடி உங்களையும் சேத்து லே-ஆஃப் பண்ணியிருப்போம்னு அவங்க நிரூபிக்கணும். நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவங்களோடது. ஆனா வேற ஆள் எடுத்தோம்னு அவங்களே மெயில்ல எழுதிக் குடுத்துட்டாங்க, வேலை அப்படியே இருக்குன்னு ஒத்துக்கிட்ட மாதிரிதான் அது, அந்த மெயில பத்திரமா வைங்க. ஆபீஸ் மெயில் அக்கவுன்ட்ட எந்த நிமிஷமும் பூட்டிடுவாங்க, அதனால அந்த பதில ஃபோன்ல ஒரு படம் எடுத்து வச்சுக்கங்க.

திரும்பி சேந்த பிறகும் ஒரு வருஷத்துக்கு நியாயமான காரணம் இல்லாம உங்கள வேலைய விட்டு தூக்க முடியாது, 180 நாளுக்கு மேல போனவங்களுக்கு அது தனி பாதுகாப்பு. ஹெல்த் இன்ஷூரன்ஸ் காத்திருக்கற காலம் எதுவும் இல்லாம திரும்ப ஆரம்பிக்கணும். 401கே-ங்கற ரிடையர்மென்ட் சேமிப்புல விட்டுப்போன மாசங்களுக்கு நீங்க பணம் போட்டா கம்பெனி அவங்க பங்கையும் போட்டாகணும், அதுக்கு சர்வீஸ் காலத்தப் போல மூணு மடங்கு டைம் உண்டு, 5 வருஷத்துக்கு மேல போகாது. இதை நம்ம பசங்க யாருமே கேக்கறதில்ல, நல்ல பணம் கைவிட்டுப் போகுது.

இப்ப அந்த 9 நாள். இது கொஞ்சம் சிக்கல். முன்னாடி கவர்னர் மட்டும் கூப்பிட்ட டூட்டிக்கு யூஸெர்ரா வராது. 2021 ஜனவரில சட்டத்த திருத்தினாங்க, இப்ப ஸ்டேட் ஆக்டிவ் டூட்டி 14 நாளோ அதுக்கு மேலயோ இருந்தா வரும், இல்லன்னா ஜனாதிபதி அறிவிச்ச தேசிய அவசர நிலைக்கோ மேஜர் டிஸாஸ்டருக்கோ போயிருந்தா எத்தன நாளா இருந்தாலும் வரும். உங்களுது 9 நாள்தான், அதனால அந்த வெள்ளத்துக்கு ஜனாதிபதி மேஜர் டிஸாஸ்டர் அறிவிச்சாரான்னு பாக்கணும், ஃபீமா (ஃபெடரல் பேரிடர் நிர்வாக அமைப்பு) வெப்சைட்ல மாநிலம் வருஷம் போட்டா வந்துரும். அறிவிச்சிருந்தா லீவுல கழிச்சது நேரடியா சட்டவிரோதம், ஏன்னா சர்வீஸ் நாளுக்கு உங்க லீவ நீங்களா கேட்டா எடுத்துக்கலாம், கம்பெனி கட்டாயப்படுத்தக் கூடாது. அறிவிக்கலன்னா மாநில சட்டத்த வச்சுதான் வாதாடணும், கார்டு ஆளுங்களுக்கு நியூ ஜெர்சி சட்டத்துலயும் பாதுகாப்பு இருக்கு, ஆனா 9 நாள் லீவுக்கு மட்டும் தனியா கோர்ட்டுக்குப் போங்கன்னு நான் சொல்ல மாட்டேன், பெரிய க்ளெய்மோட சேத்து கேளுங்க. இன்னொண்ணு, உங்க கம்பெனி ஜூரி டூட்டிக்கோ வீட்ல சாவுக்கோ சம்பளத்தோட லீவு குடுக்குதான்னு ஹேண்ட்புக்ல பாருங்க. குடுத்தா, அதுக்கு ஒப்பிடக்கூடிய சின்ன மிலிட்டரி லீவுக்கும் சம்பளம் கேக்க வழி இருக்குன்னு உங்க ஏரியாவுக்கு பொருந்தற தேர்ட் சர்க்யூட் அப்பீல் கோர்ட் 2021-ல ஃபெட்எக்ஸ் கம்பெனி மேல ட்ராவர்ஸ்ங்கறவர் போட்ட கேஸ்ல சொல்லியிருக்கு.

எங்க போறதுன்னு கேட்டா, மொதல்ல நீங்களே ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்க, சண்டை போடற தொனி வேணாம், "யூஸெர்ரா சட்டப்படி என் பழைய பதவிக்கு திரும்ப வரேன், இந்த தேதில ரிலீஸ் ஆனேன், ஆர்டரும் டிடி-214-ம் இணைச்சிருக்கேன், எந்த தேதில சேரணும்னு சொல்லுங்க"ன்னு நாலு வரி, டிடி-214-ங்கறது ரிலீஸ் ஆகறப்ப ராணுவம் குடுக்கற சான்று. பாதி கம்பெனி இதுலயே வழிக்கு வந்துரும், தெரியாமதான் செஞ்சிருப்பாங்க. வரலன்னா ஈஎஸ்ஜிஆர்னு டிஃபென்ஸ் டிபார்ட்மென்ட்டோட அமைப்பு 1972-லேருந்து இருக்கு, அவங்க ஓம்புட்ஸ்மேன் காசு வாங்காம கம்பெனியோட பேசி வைப்பாங்க. அதுக்கும் மசியலன்னா லேபர் டிபார்ட்மென்ட்ல வெட்ஸ்னு பிரிவு, ஃபார்ம் 1010, ஆன்லைன்லயே போடலாம், 90 நாள்ல விசாரிக்கணும், அதுக்கு மேல ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்டே உங்களுக்காக கேஸ் எடுக்கவும் வாய்ப்பு உண்டு. நேரா தனி வக்கீல் வச்சு கோர்ட்டுக்கும் போகலாம், கோர்ட் ஃபீஸ் கிடையாது. யூஸெர்ராவுக்கு காலக்கெடு இல்ல, ஆனா நியூ ஜெர்சியோட பாகுபாடு தடைச் சட்டத்துல ராணுவ சேவைய வச்சு வேறுபாடு காட்டக் கூடாதுன்னு இருக்கற பிரிவுக்கு கோர்ட்டுக்குப் போக 2 வருஷம்தான், அதனால ஆறப்போடாதீங்க. சேரும்போது ஆர்பிட்ரேஷன் பேப்பர்ல (தகராற கோர்ட்டுக்கு வெளிய தீத்துக்கறேங்கற ஒப்பந்தம்) கையெழுத்து போட்டீங்களான்னும் பாருங்க, பல அப்பீல் கோர்ட்டு அது செல்லும்னு சொல்லியிருக்கு.

அப்பாகிட்ட இத சொல்லுங்க. அவர் பயம் எனக்குப் புரியுது, எச்1பி காலத்துல கம்பெனி கைல நம்ம விசா இருந்துச்சு, வாயத் திறக்க முடியாது, அந்த பழக்கம் நம்ம வீடுகள்ல இன்னும் போகல. ஆனா உங்க க்ரீன் கார்டு கைல இருக்கு, அதை இந்த கம்பெனி ஒண்ணும் பண்ண முடியாது. உரிமைய கேட்டதுக்காக பழிவாங்கினா அதுவே இன்னொரு கேஸ். நாட்டுக்காக 10 மாசம் குடும்பத்த விட்டுட்டுப் போன பையன் தன் சொந்த நாற்காலிய கேக்கறதுக்கு யாருகிட்டயும் கூச்சப்பட வேண்டியதில்ல.

வெட்டரன் கணக்கு: ஸ்டேட் ஆக்டிவ் டூட்டியும் ட்ரில்லும் மட்டும் இருந்தா பொதுவா ஃபெடரல் சட்டத்துல வெட்டரன் ஆக மாட்டீங்க, ஆனா 10 மாச டைட்டில் 10 டூட்டி உங்கள உள்ள கொண்டு வந்துருச்சு. அதுக்கு அத்தாட்சி டிடி-214, அதுல மெம்பர் 4-ன்னு போட்ட காப்பி இருக்கணும், தேதி, பேர் எழுத்து, ரிலீஸ் வகை எல்லாம் சரியான்னு பாருங்க, நம்ம பேர்ல இனிஷியலும் அப்பா பேரும் மாறி விழறது சகஜம், இப்பவே திருத்தறது சுலபம். போஸ்ட் 9/11 ஜிஐ பில்ங்கற படிப்பு உதவித் திட்டத்துல 6 மாசத்துக்கு மேல 18 மாசத்துக்குள்ள ஆக்டிவ் டூட்டிக்கு 60% கிடைக்கும், ஆரம்ப ட்ரெயினிங் கணக்குல வராது. மாநிலத்துல வெட்டரனுக்கு வருமான வரில $6,000 விலக்கு, சொந்த வீடு இருந்தா சொத்து வரில வருஷத்துக்கு $250 கழிவு, 2020 நவம்பர் ஓட்டெடுப்புக்கு அப்புறம் போர்க்காலத்துல சர்வீஸ் பண்ணியிருக்கணுங்கற நிபந்தனையும் இல்ல. சர்வீஸால நூறு சதவீத நிரந்தர ஊனம்னு விஏ (ஃபெடரல் வெட்டரன்ஸ் டிபார்ட்மென்ட்) சொன்னா வீட்டுக்கு முழு வரி விலக்கு, அது உங்களுக்கு வேண்டி வராம இருக்கட்டும். காது, முதுகு, தூக்கம் எதுல கோளாறு இருந்தாலும் இப்பவே விஏ-ல பதிவு பண்ணுங்க, "சின்ன விஷயம்"னு விட்டவங்கதான் பின்னாடி அத்தாட்சி இல்லாம அலையறாங்க. இந்த ஃபார்ம் எல்லாத்துக்கும் டிஎம்ஏவிஏ-ல வெட்டரன்ஸ் சர்வீஸ் ஆபீஸர் இருக்கார், இலவசம், காசு கேக்கற ஏஜென்ட்கிட்ட போயிடாதீங்க. ஆனா உங்க வேலைத் தகராறுல அவங்க கம்பெனி மேல கேஸ் போட மாட்டாங்க, வழி காட்டுவாங்க, அவ்வளவுதான்.

சிட்டிசன்ஷிப் விஷயத்துல உங்களுக்கு நல்ல செய்தி. 2001 செப்டம்பர் 11-லேருந்து ஓடற காலத்த சட்டம் போர்க்காலமா எடுத்துக்குது, நேஷனல் கார்டுல செலெக்டட் ரிசர்வா (மாசாமாசம் ட்ரில் போறவங்க) இருந்தவங்களும் அதுல வருவாங்க, அதனால சாதாரண க்ரீன் கார்டுகாரங்க காத்திருக்கற 5 வருஷம் உங்களுக்கு வேண்டாம். உங்க யூனிட்ல என்-426 ஃபார்ம்ல உங்க சர்வீஸுக்கு சர்ட்டிஃபை வாங்கி என்-400-ங்கற சிட்டிசன்ஷிப் விண்ணப்பம் போடுங்க, ஃபீஸ் கிடையாது. இப்படி வாங்கின சிட்டிசன்ஷிப், மொத்தம் 5 வருஷ சர்வீஸ் முடியறதுக்குள்ள கெட்ட பேரோட டிஸ்சார்ஜ் ஆனா ரத்தாக வாய்ப்பு இருக்கு, அதனால வேலைத் தகராறு டென்ஷன்ல ட்ரில்லுக்கு மட்டம் போட்டுடாதீங்க. இந்த வாரமே ரெண்டு ஆர்டர், டிடி-214, ஹெச்ஆர் மெயில், ஹேண்ட்புக், சேர்ந்தப்ப போட்ட அக்ரிமென்ட், அந்த செவரன்ஸ் பேப்பர் எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரு எம்ப்ளாய்மென்ட் வக்கீலப் பாருங்க, 10 நாள் கெடு முடியறதுக்குள்ள.