மாடியில் சோலார்: மானியத்தைப் பார்த்து அளவு வைக்காதீர்கள்

கேள்வி: ஏசி வாங்கியபின் இரண்டு மாதக் கணக்கு 620 யூனிட் வருகிறது. 3 கிலோவாட் சோலார் போட்டால் பில்லே வராது, கரண்ட் போனாலும் ஃபேன் ஓடும், கார்பன் உமிழ்வைக் குறைத்ததற்காகக் கார்பன் கிரெடிட் என்று பணமும் வரும், மானியத்தைத் தானே வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார், முன்பணம் கேட்கிறார். இணைப்பு மறைந்த மாமனார் பெயரில் உள்ளது. போடலாமா? (வாசகி, திருச்செங்கோடு)

பதில்: போடலாம் அம்மா. 2 கிலோவாட் போதும். அந்த ஏஜென்ட் வேண்டாம்.

நம் வெயிலுக்கு 1 கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 2 கிலோவாட் இரண்டு மாதத்தில் 480. உங்கள் 620-இல் அது போக மீதி 140. அதிலும் 100 யூனிட் அரசு இலவசமாகவே தருகிறது. பாக்கி 40 யூனிட்டுக்கு இன்னொரு கிலோவாட்டா? மத்திய அரசின் பி.எம். சூர்யா கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய் மானியம், மூன்றாவதற்கு 18,000 மட்டுமே. ‘78,000 மானியம்’ என்று ஆசைகாட்டி மூன்றையும் தலையில் கட்டுவதுதான் இப்போதைய வியாபாரம்.

மானியத்தை யாரும் வாங்கித் தர வேண்டியதில்லை. சோலார் ஓடத் தொடங்கியபின் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். அந்தத் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பதிவுபெற்ற நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியத் தயாரிப்பாக இருந்தால்தான் மானியம். விலை மலிவாகச் சொன்னால் முதலில் இதைக் கேளுங்கள்; பேனல் பின்னால் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணை பில்லில் எழுதி வாங்குங்கள்.

அடுத்தது ‘கரண்ட் போனாலும் ஓடும்’ என்பது. ஓடாது. மானியத்தில் பெரும்பாலோர் போடுவது மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட். லைனில் மின்சாரம் நின்றதும் அதன் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் நிற்கும். கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவருக்கு உங்கள் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாதே! வீட்டில் பேட்டரி இன்வெர்ட்டர் இருந்தால் அதை விற்றுவிடாதீர்கள். மின்வெட்டிலும் சோலார் ஓட வேண்டுமென்றால் லைனோடும் பேட்டரியோடும் ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். பேட்டரிக்கு மானியம் கிடையாது.

2 கிலோவாட் ஆண்டுக்குச் சுமார் 2 டன் கார்பன் உமிழ்வைத் தடுக்கும். நல்ல காரியம்தான். ஆனால் தனி வீட்டின் 2 டன்னுக்குப் பணம் வரும் என்று நம்பி எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மின் இணைப்பின் பெயர் மாற்றத்தை இன்றே தொடங்குங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று அலைய வேண்டியிருக்கும். 10 கிலோவாட் வரையிலான சோலாருக்கு, லைன் தாங்குமா என்று பார்க்கும் சாத்தியக்கூறு ஆய்வே வேண்டாம் என்று விதியைத் தளர்த்திய நாட்டில், ஒரு பெயரை மாற்ற இத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது!

உள்ளே வரும் யூனிட்டையும் வெளியே போகும் யூனிட்டையும் தனித்தனியே எண்ணும் இருவழி மீட்டர் வருமுன் ‘சும்மா ஓட்டிப் பாருங்கள்’ என்பார்கள். ஓட்டாதீர்கள். சில பழைய மீட்டர்கள், நீங்கள் வெளியே அனுப்பும் யூனிட்டையும் செலவாகவே எண்ணிப் பில் போட்டுவிடும்.