மெல்லிய லேப்டாப்பா, கனமானதா? மெக்கானிக்கல் சேரும் மகளின் தந்தைக்கு

வணக்கம் ஐயா.

மகளுக்குக் கோவையில் மெக்கானிக்கல் கிடைத்ததற்கு வாழ்த்துகள். பெங்களூரில் வேலை பார்க்கும் உங்கள் அக்கா மகன் மேக்புக் ஏர் வாங்கச் சொல்கிறார். அதே கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனோ, கிராபிக்ஸ் கார்டு வைத்த பெரிய மாடல் இல்லாமல் மெக்கானிக்கல் படிக்கவே முடியாது என்கிறான். இரண்டுமே ஒரு லட்சத்தை ஒட்டி வருகிறது. "தப்பானதை வாங்கிவிட்டால் நாளைக்கு அவள் வேலைக்கே இடைஞ்சலாகிவிடுமோ" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகாது. கேம்பஸ் இன்டர்வியூவில் யாரும் என்ன லேப்டாப் வைத்திருக்கிறாய் என்று கேட்பதில்லை. கோவையில் பம்பு, மோட்டார், ஃபவுண்டரி, டெக்ஸ்டைல் மெஷினரி என்று எந்தக் கம்பெனியின் டிசைன் பிரிவுக்குப் போனாலும் கம்ப்யூட்டர் அவர்களே தருவார்கள். டிராயிங் வெளியே போய்விடக் கூடாது என்பதால் சொந்த லேப்டாப்பை உள்ளேயே விடாத இடங்களும் உண்டு. அவர்கள் கேட்பதெல்லாம் டிராயிங் படிக்கத் தெரியுமா, இந்தத் துளைக்கு ஏன் இந்த டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பது) கொடுத்தாய், இந்தப் பாகத்தை எந்த மெஷினில் எப்படிச் செய்வாய் என்பது போன்ற கேள்விகள்தான். நான்கு வருடம் தினமும் கூச்சமில்லாமல் திறந்து வேலை செய்ய ஒரு மெஷின் இருந்தால் போதும். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

மேக்புக் ஏர் நல்ல மெஷின்தான். 13 அங்குல மாடல் 1.24 கிலோ, ஃபேன் கிடையாது, சத்தம் கிடையாது, பேட்டரி நாள் முழுக்க நிற்கும். அக்கா மகன் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர். அவருக்கு அது பொருந்தும். உங்கள் மகளுக்குப் பொருந்தாது. மெக்கானிக்கலில் அவள் கற்கப்போகும் சாஃப்ட்வேர்கள், அதாவது பாகங்களை டிசைன் செய்யும் சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, அவை தாங்குமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் அன்சிஸ், மூன்றும் விண்டோஸில் ஓடுபவை, மேக்கில் நேரடியாக ஓடாது. முன்பு இன்டெல் சிப் வைத்த மேக்குகளில் பூட் கேம்ப் என்ற வசதி வழியாக விண்டோஸையே ஏற்றிக்கொள்ளலாம். 2020 கடைசியில் ஆப்பிள் தன் சொந்த சிப்புக்கு மாறியதிலிருந்து அந்த வழியும் அடைபட்டுவிட்டது. மேக்குக்குள் விண்டோஸை ஓட்டும் சாஃப்ட்வேர் விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் அப்படி ஓட்டுவதை சாலிட்வொர்க்ஸ் கம்பெனி ஆதரிப்பதில்லை, இடையில் நின்றுபோனால் கேட்க ஆளில்லை. ஆட்டோகேட், ஃப்யூஷன் என்ற டிசைன் சாஃப்ட்வேர்கள் மேக்கில் வரும், அவை மட்டும் போதாது.

இதே பள்ளம் விண்டோஸ் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. கடைக்காரர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. 2024 நடுவிலிருந்து ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் வைத்த மெல்லிய விண்டோஸ் லேப்டாப்கள் வருகின்றன. எடை குறைவு, பேட்டரி அபாரம், பார்க்க அழகு. ஆனால் அந்த சிப்பின் கட்டமைப்பே வேறு. அதனால் இன்ஜினியரிங் சாஃப்ட்வேர் பலவும் அதில் ஓடாது, ஓடினாலும் தடுமாறும். பெட்டியில் ஸ்னாப்டிராகன் என்று இருந்தால், மெக்கானிக்கல் மாணவிக்கு வேண்டாம் என்று வைத்துவிட்டு வாருங்கள். இன்டெல் அல்லது ஏஎம்டி இருக்கட்டும்.

பக்கத்து வீட்டுப் பையன் சொல்வதில் பாதி உண்மை. சாலிட்வொர்க்ஸுக்கு விண்டோஸும் 16 ஜிபி ராமும் வேண்டும், சரி. கேமிங் லேப்டாப் இல்லாமல் முடியாது என்பது சரியில்லை. அந்த சாஃப்ட்வேரில் ஒரு பாகத்தை மாற்றியதும் மாடல் மறுபடி கட்டப்படும் அல்லவா, அந்த வேலை பெரும்பாலும் பிராசசரின் ஒரே கோரில், அதாவது அதற்குள் இருக்கும் பல கணக்குப் பகுதிகளில் ஒன்றில் மட்டும், நடக்கிறது. அங்கே வேகமான பிராசசர் உதவும், கிராபிக்ஸ் கார்டு அதிகம் உதவாது. பாகங்கள் நூற்றுக்கணக்கில் சேரும் அசெம்பிளியைத் திருப்பிப் பார்க்கும்போதும், மாடலை நிஜப் படம் போல ஆக்கும் ரெண்டரிங் செய்யும்போதும்தான் கார்டின் அருமை தெரியும். கல்லூரியில் அவள் செய்யப்போவது நக்கிள் ஜாயின்ட், பிளம்மர் பிளாக், ஸ்க்ரூ ஜாக் மாதிரி சில பாகங்களே சேரும் சின்ன அசெம்பிளிகள், மிஞ்சினால் ஒரு கியர்பாக்ஸ். இவற்றை இன்றைய பிராசசரோடு சேர்ந்தே வரும் கிராபிக்ஸ் தாங்கும்.

இன்னொன்று. கடையில் 'புரொஃபஷனல்' என்று காட்டும் பெரிய லேப்டாப் பெரும்பாலும் கேமிங் லேப்டாப்தான். உண்மையான புரொஃபஷனல் வகை தனி: லெனோவோ திங்க்பேட் பி வரிசை, எச்பி இசட்புக், டெல் பிரிசிஷன் போன்றவை. அவற்றில் இருக்கும் கார்டுகளையும் டிரைவர்களையும் சாலிட்வொர்க்ஸ் போன்ற கம்பெனிகள் சோதித்துச் சான்று தருகின்றன. கேமிங் லேப்டாப்பில் இருக்கும் ஜிஃபோர்ஸ் கார்டு அந்தச் சான்றுப் பட்டியலிலேயே கிடையாது. வேலை செய்யாது என்று சொல்லவில்லை, செய்யும். ஆனால் 'டிசைனுக்கென்றே செய்தது' என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். சான்று பெற்ற வகையின் விலையோ இந்தப் பட்ஜெட்டைத் தாண்டிப் போகும். மாணவிக்கு அது தேவையும் இல்லை.

அன்சிஸ் பற்றியும் பையன் பயமுறுத்தியிருப்பான். மாணவர்களுக்கு இலவசமாகத் தரப்படும் பதிப்பில் கணக்கின் அளவுக்கே ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். எவ்வளவு பெரிய மெஷின் வாங்கினாலும் அந்த வரம்பைத் தாண்டிக் கணக்குப் போட விடாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் கல்லூரி லேபில் லைசென்ஸோடு இருக்கும் கம்ப்யூட்டருக்குத்தான் போக வேண்டும். பிறகு எதற்கு வீட்டில் அவ்வளவு பெரியது? கல்யாணத்துக்கு வாங்கிய அண்டாவில் தினமும் மூன்று பேருக்குச் சோறு வடிப்பது போலத்தான் ஆகும்.

இப்போது பாடத்திட்டத்தைப் பார்ப்போம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி முதல் செமஸ்டரில் ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான் புரோகிராமிங், தமிழர் மரபு என்று இருந்தது. பைத்தானுக்கு எந்த லேப்டாப்பும் போதும். தமிழர் மரபுக்குக் கிராபிக்ஸ் கார்டு கேட்டதாக இதுவரை தகவல் இல்லை. இரண்டாம் செமஸ்டரில் வந்த இன்ஜினியரிங் கிராபிக்ஸை டிராயிங் போர்டில், மினி டிராஃப்டர் என்ற வரைகருவியை வைத்துக் கையால் வரைய வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரில் மெஷின் டிராயிங் வந்தது மூன்றாம் செமஸ்டரில், அதுவும் லேபில். 2025-இல் சேர்ந்தவர்களிலிருந்து புதிய ஒழுங்குமுறை வந்துவிட்டது, அதனால் இந்த வரிசை மாறியிருக்கலாம். பாடத்திட்டத்தைத் தானே வகுக்கும் தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தாலும் மாறும். கல்லூரி இணையதளத்தில் பாடத்திட்டம் இருக்கும், இறக்கி ஒருமுறை பாருங்கள். எப்படியும் ஜூலையில் வாங்கியே தீர வேண்டும் என்ற அவசரம் பாடத்தில் இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கல்லூரி திறந்து ஒரு மாதம் கழித்துத்தான் வாங்குவேன். அதற்குள் லேபில் என்ன சாஃப்ட்வேர், எந்த வெர்ஷன், மாணவர்கள் சொந்த லேப்டாப்பில் போட்டுக்கொள்ளக் கல்லூரி லைசென்ஸ் தருகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அரசு அறிவித்தது. மகளின் கல்லூரிக்கு அது பொருந்துமா என்று அலுவலகத்தில் விசாரியுங்கள், ஆனால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

எடையைப் பற்றி யாருமே உங்களிடம் பேசவில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. கேமிங் லேப்டாப் இரண்டே கால், இரண்டரை கிலோ வரும். அதன் சார்ஜர் செங்கல் அளவு, அது ஒரு அரைக் கிலோவுக்கு மேல். சார்ஜரை ஹாஸ்டலில் வைத்துவிட்டுப் போக முடியாது, ஏனென்றால் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தீராவிட்டாலும், பிளக்கில் இல்லாதபோது அந்த மெஷின் தன் முழு வேகத்தைக் காட்டாது. வகுப்பறையில் அறுபது பேருக்கு எத்தனை பிளக் பாயின்ட் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பையில் நோட்டு, தண்ணீர் பாட்டில், லேப் கோட், டிராஃப்டர் எல்லாம் ஏற்கனவே இருக்கும். முதல் மாதம் ஆசையாகத் தூக்கிப் போவாள். அதன் பிறகு அது ஹாஸ்டல் மேசையை விட்டு இறங்காது. லேப்டாப் விலை கொடுத்து டெஸ்க்டாப் வாங்கிய கதையாக முடிந்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வேகம் போதவில்லை என்றால் லேபுக்குப் போய்ச் சமாளிக்கலாம். எடையைச் சமாளிக்க வழியே இல்லை.

ஆகவே நான் சொல்வது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு வகை. 14 அல்லது 15 அங்குலத் திரை, எடை ஒன்றரையிலிருந்து ஒன்றே முக்கால் கிலோவுக்குள். பிராசசர் பெயரின் கடைசியில் எச் என்ற எழுத்து வரும் வகை. மெல்லிய மாடல்களில் வரும் யு வகையைவிட அதிக மின்சாரம் எடுத்து, தொடர்ந்து வேலை செய்யும். ராம் 16 ஜிபி, எஸ்எஸ்டி 512 ஜிபி. சார்ஜர் டைப்-சி என்றால் இன்னும் நல்லது, 65 வாட் சார்ஜர் கையடக்கமாக இருக்கும், தோழியிடமும் வாங்கிக்கொள்ளலாம். ஒரு லட்சம் தேவைப்படாது, கணிசமாகக் குறையும்.

ராம் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், பின்னால் கூட்ட முடியாது. 8 ஜிபி மாடலைக் காட்டி, "அப்புறம் ஏத்திக்கலாம் சார்" என்று கடைக்காரர் சொன்னால், எந்த ஸ்லாட்டில் என்று கேளுங்கள். காலி ஸ்லாட் இருக்கிறது என்று மாடல் விவரத்தில் போட்டிருந்தால் சரி. இல்லாவிட்டால் 16 ஜிபியாகவே வாங்குங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு வைத்திருந்த பணத்தில் கொஞ்சத்தை இங்கே போடலாம்.

கார்டு வைத்தது எப்போது வேண்டும்? அவள் இரண்டாம் ஆண்டில், மாணவர்களே வண்டி டிசைன் செய்து ஓட்டும் பாஹா, சுப்ரா மாதிரி எஸ்ஏஇ போட்டிகளின் டீமில் சேர்ந்து, வண்டியின் சட்டத்தை முழுதாக மாடல் செய்து, ராத்திரி பகலாக உட்காரும் பெண்ணாக ஆகிவிட்டால் அப்போது யோசிக்கலாம். அந்த டீம்களில் சேர்ந்து உழைத்தவர்களுக்கு இன்டர்வியூவில் பேச விஷயம் இருக்கிறது, அதனால் அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு. ஆனால் பதினேழு வயதில், வகுப்பே தொடங்காத நிலையில், அதை முன்கூட்டியே ஊகித்துப் பணம் கட்ட வேண்டியதில்லை.

உங்கள் தம்பி மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்வதாக எழுதியிருந்தீர்கள். அவனுக்குக் கணக்கு வேறு. மேக்புக் ஏர் அவனுக்குத் தாராளமாக ஒத்துவரும், 16 ஜிபி மாடலாக இருந்தால். ஏஐ படிக்கிறேன், என்விடியா கார்டு வேண்டும் என்று கேட்டால், கூகுள் கோலாப், காகிள் என்ற இணையதளங்களில் இலவசமாகவே ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் சிப்) கிடைக்கிறது, முதலில் அதை முழுதாகப் பயன்படுத்திவிட்டு வரச் சொல்லுங்கள். ஆர்க்கிடெக்சர் படிக்கிற பிள்ளைகள் யாராவது உறவில் இருந்தால் மட்டும் நான் சொன்னதையெல்லாம் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் கட்டடங்களை மாடல் செய்து படமாகக் காட்டும் ரெவிட், லூமியன் என்ற சாஃப்ட்வேர்கள் உண்டு, அங்கே கனமான மெஷினும் நல்ல கார்டும் நிஜமாகவே வேண்டும், முதுகு வலித்தாலும்.

பணத்துக்கு வருகிறேன். கல்விக் கடன் எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்புக்குத் தேவைப்பட்டால் கம்ப்யூட்டர் வாங்கும் செலவையும் சேர்க்க இடம் இருக்கிறது. விண்ணப்பம் கொடுக்கும் முன்பே மேலாளரிடம் இதைக் கேட்டுவிடுங்கள், கொட்டேஷன் கேட்பார்கள். கடன் கையெழுத்தான பிறகு போய்க் கேட்டால் இழுத்தடிப்பு. சாஃப்ட்வேருக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டாம். ஆட்டோகேட், ஃப்யூஷன் செய்யும் ஆட்டோடெஸ்க் கம்பெனி தன் சாஃப்ட்வேர்களை மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது, ஒரு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கடையில் "எல்லா சாஃப்ட்வேரும் போட்டுத் தர்றோம்" என்று பென் டிரைவை எடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். திருட்டு காப்பியோடு வைரஸும் சேர்ந்து வரும்.

பழைய கம்பெனி லேப்டாப், அதாவது ரீஃபர்பிஷ்டு வாங்கலாமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். தாராளமாக. திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் போன்ற ஆபீஸ் மாடல்கள் உறுதியானவை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, ஆகவே விண்டோஸ் 11 முறையாக ஏறும் மெஷினாக இருக்க வேண்டும். இன்டெல் என்றால் குறைந்தது 8-ஆம் தலைமுறை, நான்கு வருடம் ஓட வேண்டுமென்பதால் 11-க்கு மேல் பாருங்கள். பேட்டரி மாற்றும் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கடைசிப் பகுதி மகளுக்கு, அவளிடம் காட்டுங்கள்.

அம்மணி, கடைக்கு அப்பாவோடு நீயும் போ. பிடித்த மாடலை மூடி, சார்ஜரோடு சேர்த்து உன் காலேஜ் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே கொஞ்ச நேரம் நட. கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். பிறகு திறந்து ஒரு பக்கம் டைப் செய்து பார். நம்பர் பேட் இருக்கிறதா என்று பார், டிராயிங்கில் அளவு போடும்போது வசதியாக இருக்கும். வெளிச்சத்தில் திரை தெரிகிறதா என்று வாசல் பக்கம் கொண்டுபோய்ப் பார். கேமராவையும் மைக்கையும் சோதி, பிளேஸ்மென்ட் தேர்வுகள் பலவும் கேமரா முன்னால்தான் நடக்கும். மூன்று பட்டன் மவுஸ் ஒன்று சேர்த்து வாங்கு. டச்பேடில் சாலிட்வொர்க்ஸ் பழகினால் ஒரு வாரத்தில் வெறுத்துவிடும். பில் உன் பெயரில் இருக்கட்டும், வாரண்டி தேதியை அன்றைக்கே அந்தக் கம்பெனி இணையதளத்தில் சரிபார்த்துவிடு. சர்வீஸ் சென்டர் கோவையில் எங்கே என்றும் கேட்டு வை.