சேலத்து வீட்டில் ஹயசிந்த், டியூலிப் கிழங்கைத் தண்ணீரில் பூக்க வைக்க முடியுமா?

கண்ணாடிக் குவளையில் வெறும் தண்ணீரில் பூக்கும் ஹயசிந்த், டியூலிப் என்ற குளிர்நாட்டுப் பூச்செடிகளின் கிழங்குகளை வீடியோவில் பார்த்துவிட்டு, சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் இது நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடக்கும், சிக்கல் குளிரில்தான். பூமொட்டு கிழங்குக்குள் முன்பே தயாராக இருக்கும். தண்டு நீண்டு அது வெளியே வர, கிழங்கு 5 முதல் 9 டிகிரி செல்சியஸில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும்: ஹயசிந்துக்கு 10-12 வாரம், டியூலிப்புக்கு 12-16. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம்தான், ஆனால் அந்தக் குளிரும் பத்தாது. பகல் வெயில் கெடுத்துவிடும்.

ஆக, ஃப்ரிட்ஜ்தான் வழி. அக்டோபரில் காகிதப் பையில் போட்டுக் காய்கறி டிரேயில் வையுங்கள். பக்கத்தில் ஆப்பிள், வாழைப்பழம் கூடவே கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். பை மேல் பெயர் எழுதுங்கள். யாராவது பெரிய வெங்காயம் என்று நறுக்கிவிட்டால் வம்பு, இது விஷம். ஹயசிந்தைத் தொட்டாலே சிலருக்குக் கை அரிக்கும்.

அந்த வாரங்கள் முடிந்ததும் கிழங்கை வாய் குறுகிய குவளையில் உட்கார வையுங்கள். தண்ணீர் கிழங்கின் அடியைத் தொடாமல், கொஞ்சம் கீழே நிற்க வேண்டும், தொட்டால் அழுகும். வெள்ளை வேர் இறங்கி, முளை விரல் நீளம் வரும்வரை இருட்டான, குளுமையான மூலை. பிறகு ஜன்னலோரம், ஆனால் நேர்வெயில் வேண்டாம்.

முதல்முறை என்றால் டியூலிப்பை விடுங்கள், தண்ணீரில் அது ரொம்பப் படுத்தும். பேப்பர்வைட் நார்சிசஸ் என்ற வெள்ளைப் பூக் கிழங்கை வாங்குங்கள், அதற்கு ஃப்ரிட்ஜே தேவையில்லை. எதுவானாலும் பூத்து முடிந்த கிழங்கு உரக்குழிக்குத்தான். நம் வெயிலில் மறுபடி பூக்காது.