திக்கற்றவருக்காக வாய் திறப்பது சபையின் வேலையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சபையின் வேலை வழிபாடும் நற்செய்தியும்தான் என்று நம்புகிறவன் நான். ஆன்மீக ஆட்சி வேறு, உலக ஆட்சி வேறு என்று லுத்தரே சொல்லியிருக்கும்போது, லுத்தரன் சபைகள் அகதிகளுக்காகவும் ஏழைகளுக்காகவும் அரசிடம் போய் வாதாடுவது முறைதானா, ஐயா? — வாசகர், மயிலாடுதுறை

பதில்: பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் நம் சபை மரபைத் தொடங்கிவைத்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் இரண்டு ஆட்சிகளைப் பிரித்துச் சொன்னது உண்மை. ஆனால் இரண்டுமே கடவுளுடையவை என்றும் அவர் சொன்னார். அதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். வாள் பிடித்து ஆள்வது சபைக்கு உரியதல்ல என்றவர், வாள் பிடித்தவர் தவறும்போது சபை வாய் மூடியிருக்கலாம் என்று சொல்லவில்லை. 82ஆம் சங்கீதத்துக்கு 1530இல் எழுதிய விளக்கத்தில், ஆளுகிறவர்களை வெளிப்படையாகக் கண்டிப்பது கலகம் ஆகாது, அது போதகரின் கடமை என்றே வாதிடுகிறார்.

இன்னும் அருகில் உள்ள சான்று, திடப்படுத்தலுக்காக நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும், லுத்தர் எழுதிய 'சிறு ஞானோபதேசம்' என்ற வினாவிடை நூல். 'கொலை செய்யாதிருப்பாயாக' என்ற கட்டளைக்கு, அயலானுக்குத் தீங்கு செய்யாதிருந்தால் போதும் என்று லுத்தர் விளக்கம் எழுதவில்லை. அவனுடைய சரீரத் தேவைகள் எல்லாவற்றிலும் அவனுக்குத் துணை நிற்க வேண்டும் என்று எழுதினார். 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்ற மன்றாட்டின் விளக்கத்தில் உணவு, உடை, வீடு ஆகியவற்றோடு நல்ல அரசாட்சியும் நல்ல அயலகத்தாரும் அடங்குகிறார்கள். நாள்தோறும் நல்லாட்சி கேட்டு ஜெபிக்கிற ஒருவர், அந்த ஆட்சியிடமே நல்லதைக் கேட்பது எப்படி முறையற்றதாகும்?

ஜெர்மனியின் லைஸ்னிக் ஊரில் 1523இல் ஏழைகளுக்காகப் பொதுப்பெட்டி ஒன்று வைக்கப்பட்டது. அதன் விதிமுறைக்கு முன்னுரை எழுதியவர் லுத்தர். அந்தப் பெட்டிக்கு நான்கு பூட்டுகள். பிரபுக்களும் நகரமன்றமும் நகர மக்களும் ஆளுக்கொரு சாவி வைத்திருக்க, நான்காவது சாவி நாட்டுப்புற விவசாயிகளிடம் இருந்தது. விவசாயி சாவி கொண்டுவராமல் பெட்டி திறக்காது என்ற ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1525இல், கிளர்ந்தெழுந்த விவசாயிகளை இரக்கமின்றி அடக்கும்படி அதே லுத்தர் எழுதினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த எழுத்துக்கு நான் சமாதானம் தேடப் போவதில்லை. ஆட்சிக்கு அடங்கியிருப்பதே பக்தி என்ற பழக்கம் லுத்தரன் நாடுகளில் ஊறிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: சபைகள் கடிதம் எழுதி எந்த அரசு மனம் மாறியிருக்கிறது? நடந்த ஒன்றைச் சொல்ல முடியுமா? — வாசகி, திருச்சி

பதில்: தென்மேற்கு ஆப்பிரிக்கா என்று அன்று அழைக்கப்பட்ட நமீபியாவைச் சொல்கிறேன். 1915 வரை ஜெர்மனியின் காலனியாக இருந்த அந்த நாடு பின்பு தென்னாப்பிரிக்காவின் கைக்குப் போனது. நிறவெறிச் சட்டங்களும் கூடவே வந்து சேர்ந்தன. மக்களில் பெரும்பகுதியினர் லுத்தரன்கள். வடக்கே ஓவாம்போ பகுதியின் ஆண்கள் சுரங்கங்களுக்கும் பண்ணைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்டார்கள். உடல் வலுவைப் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று அவர்களைப் பிரித்தார்கள். ஒப்பந்தம் ஓராண்டுக்கும் மேல் நீளும்; மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்ல அனுமதி இல்லை. மாதக்கணக்கில் கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம் என்று வாழ்ந்த அந்தக் குடும்பங்கள்தாம் ஞாயிறுதோறும் ஆலயத்தில் அமர்ந்திருந்தவை. ஆகவே அங்குள்ள ஆயர்களுக்கு இது அரசியல் செய்தியாக வந்து சேரவில்லை. வீடு சந்திக்கப் போன இடமெல்லாம் அவர்கள் கண்ணால் கண்ட துயரமாக இருந்தது.

தென்னாப்பிரிக்கா அந்நாட்டில் இருப்பது சட்டவிரோதம் என்று 1971 ஜூன் 21 அன்று சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது. ஒன்பது நாள் கழித்து, ஜூன் 30 அன்று, அங்கிருந்த லுத்தரன் சபைகளைச் சேர்ந்த பேராயர் லியோனார்ட் அவாலாவும் சபைத்தலைவர் பவுலுஸ் கோவாசெப்பும் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை அளவுகோலாக வைத்து, நடமாடும் உரிமை இல்லை, கருத்துச் சொல்லும் உரிமை இல்லை, வாக்குரிமை இல்லை, ஒப்பந்தக் கூலிமுறை குடும்பங்களைச் சிதைக்கிறது என்று அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார்கள். சபையாருக்கென எழுதிய கடிதம் ஒன்று ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. ஆகஸ்டில் ஃபோர்ஸ்டர் அவர்களை நேரில் சந்தித்தார். கொள்கையை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆகவே, கடிதத்தைப் படித்து அரசு மனம் மாறியதா என்று கேட்டால், இல்லை. ஆனால் அது ஆலயங்களில் உட்கார்ந்திருந்தவர்களின் காதில் விழுந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஊர் திரும்பினார்கள். வேலைநிறுத்தத்துக்குக் கடிதம் ஒன்றே காரணம் என்று சொல்வது தொழிலாளர்களின் துணிவைக் குறைத்து மதிப்பதாகிவிடும். ஆனாலும் தங்கள் மனத்தில் இருந்ததைச் சபை உரக்கச் சொன்னதை அவர்கள் கேட்டிருந்தார்கள் என்பதும் உண்மை.

அதற்குச் சபை கொடுத்த விலையும் பெரிது. ஓனீபாவில் இருந்த சபையின் அச்சகம் 1973இல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. திரும்பக் கட்டினார்கள், 1980இல் மறுபடியும் தகர்க்கப்பட்டது.

இவற்றையெல்லாம்விட என் மனத்தில் ஆழமாகத் தங்கியது ஒரு வழக்கு. 1973இல், விடுதலை இயக்கத்துக்கு ஆதரவானவர்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களைப் போலீசார் பிடித்துப் பழங்குடி அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். முறையான விசாரணை இல்லாமல், ஆண் பெண் வேறுபாடு பாராமல், ஊரார் முன்னிலையில் மகலானி என்ற பனை வகை மரத்தின் மட்டை நரம்பால் அவர்களை அடித்தார்கள். பனை மட்டையின் கனத்தைக் கையில் பிடித்துப் பார்த்த நம் ஊர்க்காரருக்கு அந்த அடியை விளக்க வேண்டியதில்லை. அவாலாவும் ஆங்கிலிக்கன் பேராயர் ரிச்சர்ட் வுட்டும் இன்னொருவரும் சேர்ந்து இதைத் தடுக்கும்படி நீதிமன்றம் போனார்கள். அடிபட்டவர் நீங்கள் அல்லவே, வழக்குத் தொடர உங்களுக்கு என்ன உரிமை என்ற கேள்வி எழுந்தது. பாதிக்கப்பட்டவர் தாமே வந்து முறையிட முடியாத நிலையில் பிறர் அவருக்காக வரலாம் என்று ஏற்றுக்கொண்டு, 1975இல் தென்னாப்பிரிக்காவின் மேல்முறையீட்டு நீதிமன்றமே அந்தத் தண்டனைக்குத் தடை விதித்தது. அந்த ஆண்டிலேயே பேராயர் வுட் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். 'திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற' என்ற நீதிமொழிகளின் வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வழக்குதான் நினைவுக்கு வருகிறது.

உலக லுத்தரன் கூட்டமைப்பு 1977இல் தாருஸ்ஸலாமில் கூடியபோது, நிறவெறியை மறுப்பது விசுவாச அறிக்கையோடு சேர்ந்த விஷயம், அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை என்று அறிவித்தது. 1984இல் புடாபெஸ்ட்டில், நிறவெறியைத் தெளிவாக மறுக்காத இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்தி வைத்தது. பிறரைக் கண்டிக்கும் முன் தன் வீட்டைத் திருத்த முயன்ற செயல் அது. இன்னும் முன்னதாகவே நடந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. நமீபியா 1990 மார்ச் 21 அன்று விடுதலை பெற்றது.

கேள்வி: ஆப்பிரிக்கா இருக்கட்டும். நம் தமிழ்நாட்டு லுத்தரன் சபை எளியவருக்காக என்ன பேசியது? சாதியைப் பற்றி வாய் திறந்ததா? — வாசகர், தஞ்சாவூர்

பதில்: தொடக்கம் நன்றாகவே இருந்தது. அன்று டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, இரண்டு ஆண்டுகளில் டேனிஷ் கோட்டைக்குள் சிறைவைக்கப்பட்டார். முடிதிருத்தும் தொழில் செய்த தமிழர் ஒருவர் இறந்துபோக, அவருடைய மனைவி ஒரு கடன் வழக்கில் சிக்கிக்கொண்டார்; எதிராளி டேனிஷ் கம்பெனியின் ஊழியர்.  சீகன்பால்கு அந்தப் பெண்ணுக்காக மீண்டும் மீண்டும் பரிந்து பேசினார். ஆலயத்திலேயே தளபதி ஹாசியுஸின் காலில் விழுந்து முறையிடும்படி அவருக்கு ஆலோசனையும் சொன்னார். சினம் கொண்ட தளபதி அவரை நான்கு மாதங்களுக்கு மேல் அடைத்து வைத்தார். இருவருக்கும் இடையே வேறு மனத்தாங்கல்களும் இருந்தன என்றாலும், உடனடிக் காரணம் அந்தப் பெண்ணின் வழக்கே.

சாதியைப் பற்றிய உங்கள் கேள்விக்கு அத்தனை பெருமையான பதில் இல்லை. தரங்கம்பாடி மிஷனின் ஆலயங்களில் சாதிவாரியாகப் பிரித்து உட்காரவைக்கும் வழக்கம் இருந்தது. படைவீரராக இருந்து, பின்பு தஞ்சைப் பகுதியில் ஓயாது உழைத்த உபதேசியார் ராஜநாயக்கன், பறையர் சமூகத்தில் பிறந்தவர் என்பதற்காகவே குருப்பட்டம் பெறாமல் போனார். மற்றச் சாதியார் அவர் கையால் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து வந்த லைப்சிக் மிஷனும் சாதி விஷயத்தில் விட்டுக்கொடுத்தே போனது. ஒரு விதவைக்காகச் சிறைக்குப் போன மரபு, தன் உபதேசியாருக்காகத் தன் சபையாரை எதிர்த்து நிற்கத் துணியவில்லை. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

1980களில் சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியலுக்கெனத் தனித்துறை தோன்றி, அர்விந்த் நிர்மல் போன்றோர் ஒடுக்கப்பட்டவரின் துயரத்திலிருந்தே இறையியலைத் தொடங்கியது, மிகவும் தாமதமாக வந்த நல்ல மாற்றம்.

கேள்வி: எங்கள் சபையில் முப்பது குடும்பங்கள்தாம். ஆலயத்துக்குப் பின்னால் ஓடைப் புறம்போக்கில் குடியிருப்பவர்களைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எங்களால் என்ன செய்ய முடியும்? — வாசகி, திருவள்ளூர் மாவட்டம்

பதில்: முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய், என்ன வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். அங்கேயே இருக்க விரும்புகிறார்களா, மாற்றிடமும் பட்டாவும் கிடைத்தால் போகத் தயாரா என்பது தெரியாமல் அவர்கள் பெயரில் எதையும் எழுத வேண்டாம். வந்திருக்கும் நோட்டீசின் தேதியையும் பதில் தரவேண்டிய கெடுவையும் உடனே பாருங்கள். கெடு தவறினால் பின்பு வாதாடுவது கடினம். குடும்ப அட்டை, மின்கட்டண ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்று ஆகியவற்றை வீடுவாரியாகப் படி எடுத்து வைக்க உங்கள் வாலிபர் சங்கம் உதவலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கேட்கலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அவர்களோடு ஆயரும் சபை மூப்பர்களும் போகட்டும்; மனுவை அவர்கள் கையாலேயே கொடுக்கச் செய்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பங்கள் எந்த மதம் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாதது எனக்கு மகிழ்ச்சியே.